இறக்காத சீட்டு

பதினோராம் அத்தியாயம்

அம்மா தூலிக்கி அலமாரியிலிருந்து கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டுவதை வீரா பார்த்தாள். பிப்ரவரியில் ஆர்னியை அடக்கம் செய்த அன்று போட்ட கோட்டு அது. அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை.

"அம்மா, இது கார்டு ஆடறவங்க கூட்டம். எல்லாரும் பழைய ஸ்வெட்டர்ல வருவாங்க. ஒருத்தன் தூங்கற பேன்ட்டோடவே வருவான்."

"வரட்டும். என் பிள்ளை பேர்ல நடக்கற கூட்டம். நான் ஒழுங்கா உடுத்திட்டுதான் வருவேன்."

வீரா வாயை மூடிக்கொண்டாள். இந்தச் சம்மதத்தை அம்மாவிடமிருந்து வாங்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இனி கோட்டுக்காகச் சண்டை போட்டு அதைக் கெடுத்துக்கொள்ள அவளுக்குப் பைத்தியமா?

போன வாரம் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 'ஏழு ஏரி' என்று ஒரு சீட்டாட்டம். ஆளுக்குச் சில கரைகள்; அடிபட்டு எல்லாக் கரையும் போனவர் தோற்றவர். அந்த ஆட்டத்தை அச்சடித்து விற்ற கம்பெனி பல வருஷங்களுக்கு முன்பே கடையைக் கட்டிவிட்டது. வேறு ஆட்டமாக இருந்தால் அத்தோடு செத்திருக்கும். ஆனால் பின்லாந்தின் தம்பெரே நகரத்தில் பிடிவாதக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ரசிகர்களே ஒன்றுகூடி வருஷா வருஷம் புதுச் சீட்டுகளைக் கற்பனை செய்தார்கள், இணையத்தில் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள், வீட்டிலேயே அச்சடித்துக் கத்தரித்தார்கள். தாள் மடங்காமல் இருக்க ஒரு பழைய சீட்டைப் பின்னால் வைத்து பிளாஸ்டிக் உறைக்குள் செருகினார்கள். இதில் யாருக்கும் ஒரு செல்லாக்காசு லாபம் கிடையாது.

அந்தக் கூட்டத்துக்கே செல்லப்பிள்ளை ஆர்னி. வீராவின் தம்பி. பனிச்சறுக்கு விளையாடப் போன இடத்தில் இதயம் நின்று விழுந்தபோது அவனுக்கு வயது இருபத்திநாலு. டாக்டர்கள் அந்த நோய்க்கு ஒரு நீளமான பெயர் சொன்னார்கள். பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

இந்த வருஷப் புதுச் சீட்டுத் தொகுதியில் ஆர்னியையே ஒரு சீட்டாக்குவது என்று நண்பர்கள் முடிவு செய்தார்கள். அந்தச் சீட்டின் விதியை எழுதியது வீரா. "என் பிள்ளைய விளையாட்டுச் சாமான் ஆக்கப் போறீங்களா?" என்று கோடை முழுக்கக் கத்திக்கொண்டிருந்த தூலிக்கி போன வாரம்தான் சரியென்றாள். அதுமட்டுமல்ல, ஆட்டத்தையே கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது மிச்சமிருந்தது ஒரே ஒரு முட்டுக்கட்டை. அதன் பெயர் மரப்படகு.

மரப்படகு என்பது இணையத்தில் யாரோ ஒருவர் வைத்துக்கொண்டிருக்கும் பெயர். கோடையில் எங்கிருந்தோ முளைத்தார். ஆர்னியின் சீட்டு வாக்கெடுப்புக்கு வந்தபோதெல்லாம் 'எதிர்ப்பு' என்று ஒற்றை வார்த்தை போட்டார். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. ஒரே ஒருவர் எதிர்த்தாலும் அந்தச் சீட்டு நிற்கும் என்பது அவர்களுடைய வழக்கம். எதிர்த்தவர் இலையுதிர்காலக் கூட்டத்துக்கு நேரில் வந்து, எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். வராவிட்டால் எதிர்ப்பு காலி. கூட்டம் இன்றைக்கு.

"அந்தாளு வரட்டும். நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்" என்றாள் வீரா, பூட்ஸ் மாட்டிக்கொண்டே.

சமையலறையில் அவளுடைய அப்பா ரெய்யோ காபிக் கோப்பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. நாள் முழுக்க இயந்திரத்தோடு இருந்து இருந்து அவரும் கிட்டத்தட்ட அப்படியே ஆகிவிட்டார். பொத்தானை அழுத்தினால்தான் பேச்சு வரும்.

"நீ வரலையா?" என்று கேட்டாள் தூலிக்கி.

"குளிர்கால டயர் மாத்தணும். பனி வரப்போகுது."

"மாத்து. டயரை விட்டா உனக்கு வேற யாரு இருக்கா?"

ரெய்யோ காபியை ஒரு வாய் குடித்தார். ஆர்னி உயிரோடு இருந்தவரை இந்த ஆட்டத்தைப் பொம்மைச் சீட்டு என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். மகன் செத்த பிறகு அதைப் பற்றி நல்லதாகவும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை. வீராவுக்கு அவர் மேல் ஆறாத கோபம் இருந்தது. அவள் கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்தினாள்.

டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தூலிக்கி கைப்பையைத் திறந்து உறைக்குள் இருந்த அந்தச் சீட்டை எடுத்தாள். பரிசோதனைக்கென்று அச்சடித்த ஒரே பிரதி. நீலக் கம்பளித் தொப்பியோடு ஆர்னி ஏரிக்கரையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். படத்துக்குக் கீழே இரண்டு வரி.

'இவனை இறக்கியதும் எதிராளி ஒரு சீட்டு எடுத்துக்கொள்ளலாம். உன் கரைக்கு வரும் அடுத்த அடியை இவன் வாங்கிக்கொண்டு கழிவுக் கட்டுக்குப் போவான்.'

"இதுல நமக்கு என்னடி பிரயோஜனம்? எதிரிக்கு ஒரு கார்டை தானம் பண்ணிட்டு, அடியும் வாங்கிட்டு..."

"அவன் அப்படித்தானேம்மா ஆடுவான்? எதிர்ல இருக்கறவன் தோக்கப் போறான்னு தெரிஞ்சா போதும், இன்னொண்ணு எடுத்துக்கோன்னு குடுத்துடுவான். நான் சைக்கிள்ல பின்னால இடிச்சு அப்பா கார் விளக்கை உடைச்சேனே, திட்டு வாங்கினது யாரு? அவன்தானே?"

"அது நீயா?"

"பத்து வருஷமாச்சும்மா. இப்ப ஆரம்பிக்காத."

தூலிக்கி சிரித்தாள். சிரித்த வாயோடு கண்ணைத் துடைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் பண்போடு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்கும் ஒரு கார்டு தோணுது. சொல்லட்டா?"

"சொல்லு."

"சலவைக்காரி. ஆஸ்பத்திரில வேலை பாக்கறவ. கழிச்சுப் போட்டதுல இருந்து ஒண்ண எடுத்துத் துவைச்சு, மறுபடி கையில குடுத்துடுவா."

தூலிக்கி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்தான் வேலை பார்த்தாள். வீரா சட்டென்று திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கும்மா. நிஜமாவே நல்லா இருக்கு."

"யாரை எடுப்பேன்னு கேக்காத" என்றாள் தூலிக்கி. சீட்டைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

ஹெர்வந்தா நூலகத்தின் மாடி அறை ஏற்கெனவே நிரம்பியிருந்தது. நீள மேஜைகள், காபி ஃபிளாஸ்க்குகள், ஏலக்காய் பன் வாசனை. தூங்கும் பேன்ட் ஆசாமியும் வந்திருந்தான். கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் ஒவ்வொரு மேஜையாகச் சத்தம் அடங்கியது.

பெர்ட்டு எழுந்து வந்தான். பெயின்ட் கடை நடத்துகிறவன். தாடியும் தொந்தியுமாக மலை மாதிரி இருப்பான். கம்பெனி மூடிய நாளிலிருந்து இந்த ஆட்டத்தைத் தோளில் சுமப்பவன் அவன்தான். கல்லறையில் எல்லோருக்கும் முன்னால் ஓவென்று அழுததும் அவன்தான்.

"வாங்க தூலிக்கி. முதல்ல காபி குடிங்க."

"காபி இருக்கட்டும். என்னோட ஒரு ஆட்டம் ஆடு. தைரியம் இருக்கா?"

"அய்யோ! எனக்குப் பயமா இருக்கே!"

இருவரும் உட்கார்ந்தார்கள். பெர்ட்டு வேண்டுமென்றே மட்டமாக ஆடுகிறான் என்பதைத் தூலிக்கி உடனே கண்டுபிடித்துவிட்டாள். "டேய், எனக்கு விட்டுக் குடுக்காத. ஒழுங்கா ஆடு" என்று அதட்டினாள். அவன் ஒழுங்காக ஆடினான். அவள் ஆர்னியை இறக்கினாள். பெர்ட்டு ஒரு சீட்டு எடுத்துக்கொண்டான். அடுத்த முறை, பல வருஷப் பழக்கத்தில் கை தானாகப் போய், அவள் கரையை அடித்துவிட்டான்.

அடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவனுக்கு உறைத்தது.

"மன்னிச்சுக்கோங்க. நான் திரும்ப எடுத்துடறேன்..."

"எதுக்கு? விதி அதுதானே?"

தூலிக்கி ஆர்னியை எடுத்துக் கழிவுக் கட்டின் மேல் வைத்தாள். வைத்தபின் ஓரம் கோணலாக இருந்ததை விரலால் நேராக்கினாள். பிறகு தன் கையிலிருந்த மற்ற சீட்டுகளைப் பார்க்க ஆரம்பித்தாள். தன் அம்மா இவ்வளவு திடமானவள் என்று வீராவுக்கு இதுவரை தெரியாது. இனி பயமில்லை என்று நினைத்தாள்.

அவள் நினைத்தது தப்பு.

காபி தீர்ந்ததும் பெர்ட்டு புதுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தான். இந்தக் கூட்டத்தில் கை தட்டுவதில்லை. பிடித்திருந்தால் விரல் முட்டியால் மேஜையை இரண்டு தட்டு தட்டுவார்கள். பேசாத ஊரில் இதுவே பெரிய ஆரவாரம். பனிப்புயல், இரட்டைத் துடுப்பு, திருட்டுக் கீரி எல்லாம் தட்டு வாங்கி உள்ளே போயின.

"அடுத்தது ஆர்னி."

பெர்ட்டு தாளைக் கீழே வைத்தான்.

"இதுக்கு ஒரு எதிர்ப்பு இருக்கு. மரப்படகு. வந்திருந்தா எழுந்து காரணம் சொல்லுங்க." பெர்ட்டு சுற்றிலும் பார்த்தான். "வரலைன்னா..."

"வந்திருக்கேன்" என்று கதவருகிலிருந்து ஒரு குரல் வந்தது.

வீரா நாலு கேள்விகளையும் நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். ஒன்றுகூட வெளியே வரவில்லை. கதவருகில் நின்றது அவளுடைய அப்பா. டயர் மாற்றியவரின் கை இல்லை அது, சுத்தமாக இருந்தது. தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா? நீங்களா?"

"நான்தான்."

பெர்ட்டுவின் வாய் திறந்தபடியே இருந்தது. "ஜூலைல இணையத்துல என்னை வரிசையா நாலு ஆட்டம் தோற்கடிச்ச மரப்படகு... நீங்களா?"

"அஞ்சு" என்றார் ரெய்யோ.

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றினார்கள். தூலிக்கி சிரிக்கவில்லை. கணவனைப் புது மனிதனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"உனக்கு இந்த ஆட்டம் தெரியுமா?"

"கத்துக்கிட்டேன்."

"எப்போ?"

"அவன் போனப்புறம்." ரெய்யோ தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தினம் சாயங்காலம் அவன் எங்க போயிட்டு இருந்தான்னு பாக்கணும் போல இருந்துச்சு. உயிரோட இருந்தப்ப கூப்பிட்டான். எத்தனையோ தடவை கூப்பிட்டான். நான் வரல."

"அதுக்கு? அவன் போனப்புறம் வந்து அவனையே தடுக்கறீங்களா?" வீராவின் குரல் உயர்ந்துவிட்டது. "கோடை முழுக்க நான் அழுதுட்டு இருந்தேன் உங்க கண்ணு முன்னாடி. எந்தப் பாவி இவன்னு உங்ககிட்டயே கேட்டேன். நீங்க காபி குடிச்சிட்டு உக்காந்திருந்தீங்க!"

"ஆமா."

"ஏம்பா?"

"எழுத வரலம்மா. எழுதி எழுதி அழிச்சேன்."

பெர்ட்டு மெதுவாகச் சொன்னான்: "இப்ப சொல்லுங்க ரெய்யோ. இங்க யாரும் உங்கள அவசரப்படுத்த மாட்டோம்."

ரெய்யோ அவனைப் பார்க்காமல் மேஜையில் கிடந்த சீட்டைப் பார்த்துப் பேசினார்.

"ஒரு தொகுதிக்கு ஆயுசு எவ்வளவு?"

பெர்ட்டுவின் முகம் மாறியது. அறை முழுக்க ஒவ்வொரு முகமாக மாறுவதை வீரா பார்த்தாள். கடைசியாக அவளுக்கும் அது புரிந்தது.

"மூணு வருஷம்" என்றான் பெர்ட்டு.

"அப்புறம்?"

"அப்புறம்... வெளியே போயிடும்."

தூலிக்கி ஒன்றும் புரியாமல் எல்லோரையும் பார்த்தாள். "வெளியேன்னா? எங்க வெளியே?"

வீராதான் சொல்ல வேண்டியிருந்தது.

"புதுத் தொகுதி வர வர, பழசை எடுத்துடுவாங்கம்மா. மூணு வருஷத்துக்கு மேல ஆன கார்டைப் போட்டில ஆட முடியாது. கூட்டத்துல ஆட முடியாது. வீட்டுல வேணா ஆடலாம்."

"வீட்டுல யாராவது ஆடுவாங்களா?"

"இல்ல."

"இத நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே."

தொப்பியின் நீலம் சரியாக இருக்கிறதா என்று ஏழெட்டு முறை அம்மாவிடம் காட்டிக் கேட்டவள் வீரா. எழுத்தின் அளவுக்குக்கூட அம்மாவின் சம்மதம் வாங்கியிருந்தாள். இதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. வருஷக்கணக்காக இதே ஆட்டத்தில் கிடக்கிறவளுக்கு, பழையது வெளியே போவது குளிர்காலம் வருவது மாதிரி. அதைப் போய் யார் யாருக்குச் சொல்வார்கள்? இங்கே இருந்த அத்தனை பேரும் அதே தப்பைத்தான் செய்திருந்தார்கள். ஆட்டத்துக்கு நேற்று வந்த ரெய்யோ ஒருவருக்குத்தான் அது கண்ணில் பட்டது.

"மூணு வருஷம் கழிச்சு இதே மாதிரி ஒரு நாள்" என்றார் ரெய்யோ, "பெர்ட்டு, நீ இங்க நின்னு வாசிப்ப. எது எது வெளியேன்னு. பனிப்புயல் வெளியே, கீரி வெளியே, ஆர்னி வெளியே. இவ அன்னிக்கும் இந்தக் கோட்டைத்தான் போட்டுட்டு வருவா. ஒரு தடவை போனது போதாதா?"

அவர் குரல் உடைந்தது. இருபத்தேழு வருஷத்தில் அப்பாவின் குரல் உடைந்து வீரா கேட்டதில்லை. அடக்கத்தின் போதுகூட இல்லை.

தூங்கும் பேன்ட் ஆசாமி துள்ளி எழுந்தான். "அப்ப ஆர்னிக்கு மட்டும் விதிவிலக்கு குடுத்துடலாம்! அவன் எப்பவும் உள்ளயே இருக்கட்டும்!"

முட்டிகள் படபடவென்று மேஜைகளைத் தட்டின. பெர்ட்டுவும் தட்டினான். வீராவும் தட்டினாள், உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஏன் இது முன்னாலேயே தோன்றவில்லை?

ரெய்யோ தட்டவில்லை. சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"அந்த மூணு வருஷ விதியைக் கொண்டு வந்தது யாரு?"

பெர்ட்டு தலையைக் குனிந்தான்.

"சொல்லு பெர்ட்டு. நான் பழசெல்லாம் படிச்சிட்டேன். அவன் எழுதின ஒவ்வொண்ணையும் படிச்சிட்டேன்."

"ஆர்னி" என்றான் பெர்ட்டு. அவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "பதினெட்டு வயசு அப்போ. நாங்கல்லாம் எதிர்த்தோம். எங்ககிட்ட பெட்டி பெட்டியா பழைய கார்டு இருந்துச்சு. புதுசா வர்றவங்க அதைப் பார்த்துட்டு வாசலோட திரும்பிப் போயிடறாங்கன்னு அவன்தான் சொன்னான். பழசு எழுந்து இடம் விட்டாதான் புதுசா வர்றவன் உக்கார முடியும்னு ஒரு வருஷம் சண்டை போட்டான். அந்த விதி வந்ததாலதான் இன்னிக்கு இந்த ரூம்ல பாதிப் பேர் இருக்காங்க."

"அவன் தனக்கு மட்டும் இடம் பிடிச்சு வெச்சுக்கறவனா?"

தட்டிய கைகள் எல்லாம் மேஜைக்குக் கீழே போய்விட்டன. விதிவிலக்கு கொடுத்தால் அது ஆர்னி இல்லை. கொடுக்காவிட்டால் அவனை இரண்டாம் முறை அனுப்ப வேண்டும். அப்பா சொல்வது சரி என்று வீராவுக்குத் தெரிந்தது. தெரிந்ததாலேயே அவர்மேல் இன்னும் கோபம் வந்தது.

"அதனால கார்டே வேணாம்" என்றார் ரெய்யோ. "அவ்வளவுதான். எனக்குச் சொல்லத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

எல்லோரும் தூலிக்கியைப் பார்த்தார்கள். அவள் கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கோட்டை மடித்து நாற்காலி முதுகில் போட்டாள். நிதானமாக ஆறிப்போன காபியை ஒரு வாய் குடித்தாள்.

"ரெய்யோ."

"ம்."

"அவன் பொறந்தப்ப டாக்டர் வந்து, இவன் இருபத்திநாலு வருஷம்தான் இருப்பான்னு சொல்லியிருந்தா, வேணாம்னு திருப்பிக் குடுத்திருப்பியா?"

ரெய்யோ தொப்பியை இறுக்கிப் பிடித்தார்.

"நான் குடுத்திருக்க மாட்டேன். இப்ப மூணு வருஷம் தரேங்கறாங்க. முகம் தெரியாதவங்க எல்லாம் அவனைக் கையில வெச்சுப்பாங்க. எங்கயோ ஒரு ஊர்ல யாரோ ஒருத்தன் தோக்கப் போறப்ப, ஆர்னியால அவனுக்கு இன்னொரு கார்டு கிடைக்கும். மூணு வருஷம் அது நடக்கும். அதை வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல."

"அப்புறம் அந்த நாள் வருமே, தூலிக்கி."

"வரும். அன்னிக்கும் அழுவேன். தெரியாத வேலையா?"

அறையில் பலர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பெர்ட்டு கைக்குட்டையைத் தேடி, கிடைக்காமல், தாடியாலேயே துடைத்துக்கொண்டான்.

"எதிர்ப்பு எதிர்ப்புதான்" என்றான் பிறகு, கொஞ்சம் தயங்கி. "அவரா திரும்ப வாங்கினாத்தான் உண்டு. நாம யாரும் வற்புறுத்தக் கூடாது. வழக்கம் அது."

"யாரு வற்புறுத்தப் போறா?" தூலிக்கி எதிர் நாற்காலியைக் காலால் தள்ளினாள். "உக்காரு ரெய்யோ. அவன் கூப்பிட்டப்ப வரல. நான் கூப்பிடறேன். ஒரு ஆட்டம் ஆடு."

ரெய்யோ நின்றார். பிறகு, ஆச்சரியம்தான், வந்து உட்கார்ந்தார்.

பெர்ட்டு தன் சீட்டுக் கட்டை அவருக்குக் கொடுத்தான். வீரா ஆர்னியை அதில் செருகிக் கலைத்துப் போட்டாள். இரண்டு முறை சீட்டுகள் சிதறின.

ரெய்யோ வேகமாக ஆடினார். எந்தச் சீட்டை எப்போது இறக்குவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பெரிய பெரிய இயந்திரங்களைப் பிரித்து மாட்டிய விரல்கள் அந்தச் சின்ன உறைகளை அவ்வளவு பதமாகப் பிடித்தன. எத்தனை ராத்திரி தனியாக உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டாரோ என்று வீரா நினைத்தாள். பக்கத்து அறையில்தான் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நாலாவது சுற்றிலேயே ஆர்னி அவர் கைக்கு வந்துவிட்டான். பின்னால் நின்ற வீரா பார்த்தாள். அப்பா அவனை மற்ற சீட்டுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

தூலிக்கி தப்பும் தவறுமாக ஆடினாள். ஆனாலும் அதிர்ஷ்டம் அவள் பக்கம் இருந்தது. அவள் அடிக்க அடிக்க ரெய்யோவின் கரைகள் ஒவ்வொன்றாகப் போயின. ஆர்னியை இறக்கினால் போதும், ஒரு அடி தப்பும். ஒரு அடி தப்பினால் ஆட்டமே அவருடையது. சுற்றி நின்றவர்கள் யாருக்கும் அவர் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வீராவுக்கு மட்டும் தெரியும். 'இறக்குப்பா' என்று மனதுக்குள் கத்தினாள். அவர் விரல் அவனிடம் போகும். ஓரத்தைத் தொடும். பக்கத்துச் சீட்டை எடுத்து இறக்கும்.

கடைசிக் கரையும் போனது.

"தோத்துட்ட" என்றாள் தூலிக்கி. அவளுக்கே நம்ப முடியவில்லை. "நீயா தோத்த? எங்க, கையைக் காட்டு."

ரெய்யோ காட்டவில்லை. அவளே எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். அவர் கையில் ஒரே ஒரு சீட்டு மிச்சமிருந்தது.

தூலிக்கி அதைப் பார்த்தாள். மணிக்கட்டை விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள், வெகு நேரம்.

"என்னால முடியல" என்றார் ரெய்யோ. "இறக்கினா போயிடுவான்."

"தெரியும்" என்றாள் தூலிக்கி.

பெர்ட்டு தொண்டையைக் கனைத்தான். "ரெய்யோ, திங்கக்கிழமை சாயங்காலம் தொகுதியை அனுப்பியாகணும். அதுவரைக்கும் நேரம் இருக்கு. எதிர்ப்பு... நிக்குதா?"

ரெய்யோ எழுந்தார். நிக்குது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த ஆர்னியை ஒரு தடவை பார்த்தார். சட்டைப் பைக்குள் வைத்து, மேலே பொத்தானைப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்து போய்விட்டார்.

"அது ஒண்ணுதான் இருக்கு..." என்று பெர்ட்டு ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான்.

வீரா ஜன்னலுக்கு ஓடினாள். கீழே கார் நிறுத்துமிடத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. அப்பாவின் கார் பின்னால் வந்து, திரும்பி, சாலையில் ஏறியது. வீட்டுக்குப் போகிற பக்கம் அது திரும்பவில்லை. எதிர்ப் பக்கம், வடக்கே போகும் பெருஞ்சாலைக்குப் போனது.

"அம்மா! அப்பா எங்கயோ போறாரு. கார்டையும் எடுத்துட்டுப் போயிட்டாரு. நான் போன் பண்றேன்."

"பண்ணாத."

தூலிக்கி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணாடியில் மழை வழிந்தது. காரின் சிவப்பு விளக்கு சின்னதாகிக்கொண்டே போனது.

"சின்னப் பையனா இருந்தப்ப, உங்கப்பா காரை எடுக்கற சத்தம் கேட்டாலே ஆர்னி வாசலுக்கு ஓடுவான். என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னு கத்துவான். உங்கப்பா எப்பவும் வேலைக்குப் போயிட்டு இருப்பாரு." தூலிக்கி மகளின் கையிலிருந்த போனை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தாள். "விடு. இன்னிக்குக் கூட்டிட்டுப் போறாரு."